கதவுக்கு அடியில் வெளிச்சம்

"வீடியோ கேம்களுக்குச் சூழல் அமைக்கும் கலைஞர்களை இந்த வேலைக்கு இழுப்பது எது?" என்று கேட்டு விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. பதில் மூன்று வரிக்குள் இருக்க வேண்டுமாம், உற்சாகமாகவும் இருக்க வேண்டுமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓடுகிறவன், சுடுகிறவன், பேய் எல்லாம் வேறு ஆட்களின் பொறுப்பு. சுவர், படிக்கட்டு, கூரையில் ஈரக்கறை, மூலையில் கழற்றிப் போட்ட செருப்பு, இவைதான் என் பங்கு. பத்து வருடமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன். "சின்ன வயசிலிருந்தே கற்பனை உலகம் பிடிக்கும்" என்று எழுதிக் கொடுத்தேன். முன்பு அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். இரண்டு வருடமாகப் பொய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தேன். தண்ணீர் குடிக்க நடைவழியில் போய் வந்தபோது கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அப்பா பேப்பரோடு உள்ளே போனால் லேசில் வரமாட்டார். "மாநாடு ஆரம்பிச்சாச்சு" என்று வீட்டில் கேலி செய்வோம். அன்றைக்கும் மாநாடு என்றுதான் நினைத்தேன். அம்மா வந்து கதவைத் தட்டியபோது இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று இழுத்தார் டாக்டர். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யாரா இருந்தாலும் அப்படித்தான்டி நினைச்சிருப்பாங்க" என்றாள். இன்றுவரை அதையேதான் சொல்கிறாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், தீர்ந்திருக்கும். இப்போது எனக்கு அந்த வாக்கியம் உண்மையாக வேண்டும். என்னைப்போலவே யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் தாண்டிப் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்காகத்தான் கட்டினேன். இப்போது நாங்கள் செய்யும் கேமில் ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வருகிறது. ஆடுகிறவர் வீடு வீடாக ஒரு சாவியைத் தேட வேண்டும். மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டு நடைவழியை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். காலண்டர் இல்லாத ஆணி, சுவிட்சைச் சுற்றி விரல் பட்ட அழுக்கு, எப்போதும் கோணலாகக் கிடக்கும் கால்மிதி. குளியலறைக் கதவு திறக்காது. கேமில் முக்கால்வாசிக் கதவுகள் வெறும் படம்தான். இதன் அடியில் மட்டும் ஒரு விரற்கடை வெளிச்சம் விட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் பிரிவின் தலைவனுக்குப் பூதக்கண்ணாடி என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். புதுச் சட்டையிலும் கிழிசல் தேடுகிற ஆள். அவனிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது: "மூன்றாம் மாடி. பூட்டிய கதவுக்கு அடியில் வெளிச்சம். ஆடுபவர்களைத் திசை திருப்புகிறது. நீக்கவும்."

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு அவன் அறைக்குப் போனேன்.

"எத்தனை பேரைத் திசை திருப்புச்சு?"

"பத்து பேர் ஆடின பதிவு இருக்குக்கா. ஒன்பது பேர் நின்னுட்டாங்க. சாவியத் தேடவே போகல."

போட்டுக் காட்டினான். ஒருத்தர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். இன்னொருத்தர் தரையோடு குனிந்து அந்த இடுக்கில் பார்த்தார். ஒரு பெண் கோடாலி தேடிக் கீழ்மாடி வரை ஓடித் திரும்பி வந்து, இருபது நிமிடம் கதவை வெட்டினாள். "உள்ள யாரோ இருக்காங்க" என்று அவள் தனக்குத்தானே சொன்னதும் பதிவாகியிருந்தது. என் அப்பாவின் முகம்கூடத் தெரியாதவர்கள்.

"அந்தப் பத்தாவது ஆள் நிக்கவே இல்லையா?" என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இல்லக்கா. ரெண்டு தடவை போய்ட்டு வந்திருக்கு. திரும்பிக்கூடப் பாக்கல."

ஒருத்தர் போதும். அம்மா சொன்னது சரி என்று நினைத்ததும் அழுகை வந்துவிடும்போல இருந்தது. "அதைப் போடு" என்றேன்.

திரையில் அந்த ஆள் நடைவழிக்குள் வந்தார். கூரைக் கறையை நிமிர்ந்து பார்த்தார். ஆணியைப் பார்த்தார். கதவைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடி தாண்டினார். நடை எங்கேயும் தளரவில்லை.

"யார் இது?"

பூதக்கண்ணாடி பதிவின் எண்ணைத் தேடினான். "அட, நீங்கதான்க்கா. போன வாரம் சுவரெல்லாம் சரியா வந்திருக்கான்னு பாக்க ஓட்டினீங்கள்ல. மெஷின் அதையும் சேர்த்து எண்ணிடுச்சு."

உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் நிற்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு உள்ளே யார் இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

"லைட்ட அணைச்சிடறீங்களாக்கா?"

அணைத்தேன். அடுத்த சோதனையில் பத்துப் பேரும் நிற்காமல் போனார்கள். குறிப்புக்கு எதிரே "சரிசெய்யப்பட்டது" என்று போட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரா இருந்தாலும் அப்படித்தான்டி..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. ஒன்பது பேர் நின்னாங்க."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கேடி?" என்றாள்.

நான் குளியலறைக் கதவைக் காட்டினேன்.