மல்லாவியின் வெளிச்சத்தைத் தின்ற மயில்

சமாதான காலத்து மல்லாவியில் மின்சாரம் என்றால் மீனம்மாதான். பொழுதுபட அவர் ஜெனரேற்றரை இயக்கினால் வயர் வழியே தெரு முழுக்க வெளிச்சம் ஓடும். அவர் கொட்டாவி விட்டால் ஊரே இருண்டுவிடும்.

கலியாண வீடியோ எடுக்கும் வீரகத்திக்கு மட்டும் பல்போடு ஒரு கொம்பியூட்டருக்கும் சேர்த்து லைன். அண்மையில் அவர் வவுனியா வியாபாரி நவ்பர் மூலம் கொழும்பிலிருந்து ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்ட் எடுப்பித்திருந்தார். செங்கல் பருமன், தனக்கென்று ஒரு காற்றாடி வேறு. அதைப் பூட்டிய நாளிலிருந்து மல்லாவி மாப்பிள்ளைகள் வீடியோவில் மேகத்தின் மேல் நடந்தார்கள். பொம்பிளையின் தலைக்கு மேலே மயில் தோகை விரித்தது. அறையோ, சட்டியே இல்லாமல் அப்பம் சுடலாம் போலக் கொதித்தது.

அதே கிழமைதான் தெரு பல்புகள் மங்கத் தொடங்கின. சாதாரண மங்கல் இல்லை. நுளம்புகூட டோர்ச் அடித்துத்தான் ஆளைத் தேடிக் கடிக்கவேண்டிய மங்கல்.

ஒருநாள் காலை, கணபதியின் தேத்தண்ணிக் கடையில் சனத்துக்கு முன்னால் வீரகத்தி கேட்டார்:

"என்னக்கா, டீசலுக்குள்ள என்னத்தைக் கலக்கிறியள்? கரண்டோ வருது, கஞ்சியெல்லோ வருது!"

கடை சிரித்தது. "கலக்கிறதோ? நானோ?" என்ற மீனம்மா, தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

"இந்தக் கிழமை முடியட்டும், அவாவின்ர வயரைக் கழட்டிப்போட்டு பக்கத்து ஊர் ஜெனரேற்றர்காரனிட்ட எடுக்கப்போறன்," என்றார் கணபதி. தெருவே தலையாட்டியது. தெரு போனால் மீனம்மாவின் அடுப்பும் போச்சு.

மறுநாள் பொழுதுபட்டு லைன் வந்ததும் வீரகத்தி மயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர்ப் பெட்டி அனலாய்க் கொதித்தது. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மெசின் சூடேறினால் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: சாக்கை நனைத்துப் பிழிந்து பெட்டியில் போர்த்தினார். காற்றுப் போகும் துவாரமெல்லாம் அடைபட்டது. மயில் பாதித் தோகையில் நிற்க, பெட்டி தானாக அணைந்தது.

பளிச்! தலைக்கு மேலே பல்ப் சூரியனாகியது. தெருவெல்லாம் சூரியன்கள்.

சாக்கை எடுத்து, ஆறவிட்டு, கொம்பியூட்டரை மறுபடி போட்டார். பல்ப் சிவந்தது. நிப்பாட்டினார். பளிச். வீரகத்தியின் காது மடல் அந்தக் கார்டை விடச் சூடாகியது.

வெளியே கணபதியின் குரல்: "பாத்தியளே! எங்கட வீரகத்தி ஏசின ஏச்சில நல்ல எண்ணெய் விட்டிட்டா!"

வாசலில் மீனம்மா நின்றார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். "தம்பி, காலமை துவங்கி மெசினைக் கழட்டித் துடைச்சனான். நான் ஒண்டும் கலக்கேல்லை. ஆனா ஊத்தை பிடிக்க விட்டது என்ர பிழைதான். இப்ப வெளிச்சம் காணுமோ?"

நிலம் பிளந்திருந்தால் வீரகத்தி மயிலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே குதித்திருப்பார். 'காணும், போதும்' என்று ஒரு சொல் சொன்னால் தப்பிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது. மீனம்மாவின் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்தார், விழுங்கிவிட்டார்.

"கணபதியண்ணை! எல்லாரும் ஒருக்கா வாங்கோ!"

சனம் வாசலில் குவிந்ததும் சுவிச்சைப் போட்டார். காற்றாடி இரைந்தது, மயில் எழும்பியது, மல்லாவி மங்கியது.

"அக்காவில பிழையில்லை," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "எல்லாற்ர வெளிச்சத்தையும் என்ர மயில்தான் திண்டது."

ஒருவரும் சிரிக்கவில்லை. கணபதி மெல்ல ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"உந்தப் பெட்டியை நிப்பாட்டு தம்பி," என்றார் மீனம்மா. "என்னைப் பகல் வெளிச்சத்தில வைச்சுத்தானே கேட்டனீ. இதையும் வெளிச்சத்தில சொல்லு."

வீரகத்தி நிப்பாட்டினார். மல்லாவியின் வெளிச்சம் முழுவதும் அவருடைய முகத்தில் வந்து விழுந்தது. கண் கூச, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.