வாடகைக்குப் போன அடுப்படி

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு, புருஷன் எதைச் சொன்னாலும் முதல் பாதி நியாயமாகத்தான் தோன்றும். இரண்டாவது பாதியில்தான் தலை சுற்றும். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவரை முதல் பாதியோடு நிறுத்தும் வித்தை அவளுக்குக் கைவரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தவர், அழுகிப்போன முட்டைக்கோஸை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மதியச் சாப்பாடு. வாங்குகிற காயில் பாதி குப்பைக்குப் போகிறது. மீதியைச் சமைத்தால் அதில் பாதி மறுநாள் குப்பைக்குப் போகிறது. கேஸ், எண்ணெய், பாத்திரம் தேய்க்கிற சோப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடையில் வாங்கிச் சாப்பிடுவதே லாபம் என்றார். ஏழு மணிக்கு வீடு திரும்பி, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் வெங்காயம் நறுக்குகிறவளுக்கு அது தேனாக இனித்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

"அப்புறம் அடுப்படி எதுக்கு?" என்றார் அவர். "பின்பக்கம் தனி வாசல் இருக்கு. வாடகைக்கு விட்டுடலாம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். பத்தே நாளில் அவளுடைய பாத்திரங்கள் அட்டைப்பெட்டிக்குள் ஏறிக் கட்டிலுக்கடியில் போயின. வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த கதவில் பூட்டுத் தொங்கியது. பின்வாசல் வழியாக மூன்று பெரிய அடுப்புகளோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் பதினைந்து வருஷம் சமைத்தவள். சொந்தமாகச் சாப்பாடு செய்து ஆபீஸ்களுக்கும் கடைகளுக்கும் கொடுக்கப் போகிறாளாம். ஒரு வருஷ ஒப்பந்தம். அவள் கொடுத்த முன்பணத்தில் இவர் பைக்குக்கு இரண்டு புது டயர் போட்டு, அன்றைக்கே ஓட்டியும் பார்த்துவிட்டார்.

முதல் மாதம் தெருமுனை ஹோட்டலிலிருந்து வாங்கினார்கள். எதைத் திறந்தாலும் மேலே எண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு நின்றது. மூன்றாவது வாரம் மகளுக்கு வயிறு கெட்டு டாக்டரிடம் ஓடினார்கள். அந்தச் செலவை அவர் சாப்பாட்டுச் செலவில் சேர்க்கவில்லை. அது மருத்துவச் செலவாம். 

இதற்கிடையில் சாயங்காலம் ஆனால் போதும், பூட்டிய கதவின் இடுக்கு வழியாகக் கோழி வேகிற வாசனை வீடு முழுக்கப் பரவும். மகள் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடமே எழுதுவாள். எழுதுகிறாளா, மூச்சு இழுக்கிறாளா என்று சொல்ல முடியாது. கடைசியில் மானம் பார்க்காமல் இவளே பின்பக்கம் சுற்றிப் போய், தன் வீட்டு அடுப்படிக் கதவைத் தானே தட்டி, மூன்று பேருக்குச் சாப்பாடு கேட்டாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். சாப்பாட்டு விலையோடு டப்பாவுக்குத் தனிக் காசு என்றாள் கேன்டீன்காரி. ஒருநாள் இவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை முடியத் தாமதமாகிவிட்டது. வந்து தட்டினால் எல்லாம் தீர்ந்துவிட்டது. "முன்னாடியே சொல்லிடுங்கக்கா, எடுத்து வைக்கிறேன்" என்று பாவமாகச் சொன்னாள். அன்றைக்கு மூன்று பேரும் பிஸ்கட் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மறுவாரம் கண்ணாடிக் கடை முதலாளி, அவள் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த மெஷின் பக்கமாக வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டுச் சாப்பாட்டைத்தான் இப்போ வாங்குறேன். நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குக் கொஞ்சம் உப்புத் தூக்கல். பார்த்துக்கோம்மா."

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த விலாசம் அவளுடையது. அவள் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போய்விட்டார். கையிலிருந்த லென்ஸ் ஒரு நூல் அளவு அதிகமாகத் தேய்ந்து, ஃபிரேமில் நிற்காமல் கழன்று விழுந்தது. அதற்கும் அவர்தான் வந்து திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, எப்படிப் பார்த்தாலும் வாடகை சாப்பாட்டுச் செலவில் பாதியை ஈடுகட்டுகிறதே என்றார்.

"வாடகை ஒரு கதவு வழியா உள்ள வருது, சாப்பாட்டுக் காசு அதே கதவு வழியா வெளியில போகுது. நடுவுல என் அடுப்பு போச்சு. இதுல லாபம் எங்கங்க இருக்கு?"

அவர் வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தார். டயர் புதுசு என்றார்.

அவரோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று நேரே பின்வாசலுக்குப் போனாள். கேன்டீன்காரி இடுப்புயரப் பாத்திரத்தை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் நின்றபடியே சொன்னாள்: வாடகையே வேண்டாம், அதற்குப் பதிலாக மூன்று பேருக்கு ராத்திரிச் சாப்பாடு, டப்பா காசு கிடையாது, டப்பாவில் வீட்டு விலாசத்துக்குப் பதில் கேன்டீன்காரி தன் பெயரைப் போட வேண்டும். அவள் நாரைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு, அன்றைக்குச் சாவியை இவளே வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் சம்மதம் என்றாள். கையில் காசு வராத வாடகையை நினைத்து மெக்கானிக் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியைப் போட்டுத் திறந்தாள். தன் அடுப்படியிலேயே அவளுக்கு எது எங்கே என்று தெரியவில்லை. உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று தேடினாள். கரண்டி அவள் கை நீளம் இருந்தது. இருந்ததிலேயே சின்னப் பாத்திரத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே சமைக்கலாம். கட்டிலுக்கடியில் குனிந்து அட்டைப்பெட்டியை இழுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. வாசற்படியில் நின்ற புருஷன், மூன்று பேருக்கு இவ்வளவு பெரிய அடுப்பைப் பற்ற வைத்தால் கேஸ் எவ்வளவு வீணாகும் என்று ஆரம்பித்தார்.

அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அரிசி எவ்வளவு என்று ஒரு குரல் வந்தது. தண்ணீர் எவ்வளவு என்று இன்னொரு குரல். அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிக்குச் சாப்பாடு வந்தது. சோறு ஒரு பக்கம் குழைந்தும் இன்னொரு பக்கம் அரிசியாகவும் இருந்தது. மகள் குழைந்த பக்கமாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். 

அடிபிடித்த அந்தப் பாத்திரம் குழாய்க்குக் கீழே நுழையவில்லை. அவர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டபடி எழுந்து போய் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாக அதைத் தேய்க்கப் பின்வாசல் வழியே வெளியே கொண்டுபோனார்கள்.