கேஸ் இல்லை

"ஒரே எழுத்தை வச்சுக்கிட்டு நாலு சத்தத்தை எப்படி எழுதுறீங்க?" என்று எதிர்வீட்டு மஹிமா ஒருமுறை என்னிடம் கேட்டாள். அவளும் தமிழ்ப் பெண்தான். ஆனால் வங்காளத்தில், இந்தக் கார்டன் ரீச்சிலேயே பிறந்து வளர்ந்தவள். எழுதப் படிக்க வங்காளிதான் வரும். அதில் க-வுக்கு நாலு எழுத்து. நமக்கு ஒன்றுதான்.

"படிக்கிறப்ப எது எதுன்னு தானா தெரிஞ்சிரும்" என்றேன். அப்போது அதை நம்பினேன்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு ஒரு நோட்டில் வார்த்தைகளைச் சேர்த்து வந்தேன். ‘கேஸ்’ என்ற வார்த்தைக்கு ஒரு முழுப் பக்கம். அறிவியல் புத்தகத்தில் அது திடமும் இல்லை, திரவமும் இல்லை. இங்கிலீஷ் இலக்கணத்தில் வேற்றுமை. அம்மாவுக்கு அது அடுப்படியில் நிற்கும் சிலிண்டர். உருளைக்கிழங்கு சாப்பிட்ட அன்று வயிற்றில் வருவதும் அதுதான். ஆஸ்பத்திரியில் மனிதர்களே கேஸ்: டெலிவரி கேஸ், ஆக்சிடென்ட் கேஸ். அப்பாவுக்குப் பிடிக்காத எவரும் ‘ஒரு மாதிரி கேஸ்’. இந்த ஊரில் வசமாக மாட்டிக்கொண்டவன் "கேஸ் கேயேச்சி" என்பான். கேஸைத் தின்றுவிட்டானாம்.

எங்கள் வீட்டில் உரக்கச் சொல்லாத கேஸ் ஒன்றும் இருந்தது. அப்பா சொக்கலிங்கம் கிடர்பூர் டாக்கில், கப்பல் ரிப்பேர் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். போன வருஷம் அவர் பொறுப்பில் இருந்த கப்பலில், தொட்டிக்குள் பெயின்ட் அடிக்க இறங்கியவர் மூச்சு முட்டிச் செத்துப்போனார். கோர்ட்டில் அப்பா பெயரும் இருந்தது. இப்போது அவரிடம் வேலை செய்பவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

"உத்தமனுக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஒரு பய எங்கிட்ட நிக்க மாட்டான்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

உத்தமன் அண்ணன் அப்பாவின் ஆட்களுக்குத் தலைமை. தூத்துக்குடிக்காரர். எங்களுக்குக் கீழ்வீட்டில்தான் அவரும் சௌந்தரம் மதினியும் இருந்தார்கள்.

அந்த மாதம் ஓர் எண்ணெய்ப் படகில் வேலை. தீப்பொறி ஆகாது என்று போன் கொண்டுபோகத் தடை. அப்பாவின் போன் என்னிடம் இருக்கும். வருகிற செய்தியை நான் ஒரு சீட்டில் எழுதி, மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு டாக் கேட்டில் கொடுப்பேன். வாயால் சொல்லியிருக்கலாம். கேட்டில் அத்தனை ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வக்கீல் வைத்தியநாதன் கூப்பிட்டார்.

"அப்பாகிட்ட சொல்லிடும்மா. கேஸ் இல்லை. அவர் பேரை எடுத்துட்டாங்க. கவலையில்லாம இருக்கச் சொல்லு."

நான் எழுதினேன்: ‘கேஸ் இல்லை. கவலை வேண்டாம் என்றார்.’ வக்கீல் என்று எழுதவில்லை. கேரியர் வாங்க வரும் உத்தமன் அண்ணன் எப்போதும் சீட்டைத்தான் முதலில் படிப்பார்.

"என்னட்டி, இன்னிக்கு கவர்மென்ட் ஆர்டர் இல்லியா?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். படித்ததும் முகம் மலர்ந்தது.

"போன் வந்துட்டா? இதுக்குத்தான் காலைலேர்ந்து கையக் கட்டிட்டு நிக்கோம்."

அவருக்கும் அப்பா சொல்லிவிட்டாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப எறங்கிரலாம். ஒங்கப்பா ஆபீசுக்குப் போயிருக்காரு. வாரதுக்குள்ள பாதி வேலைய முடிச்சிருதேன்."

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். எதில் இறங்குவது? கோர்ட் கேஸ் இல்லாமல் போனால் ஒருவர் ஏன் இறங்க வேண்டும்? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பையில் அப்பாவின் போன் அடித்தது. வங்காளிக்காரர். தொட்டிக் காற்றைச் சோதிக்கிறவர்.

"சொக்கலிங்கம்தா? ட்யாங்கே க்யாஸ் ஆச்சே. காவுகே நாம்தே தேபேன் நா."

தொட்டியில் கேஸ் இருக்கிறது, யாரையும் இறங்கவிடாதீர்கள்.

ஓடினேன். கேட்டில் காவலாளி பாஸ் கேட்டார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. "பாஸ் லாவோ" என்று அவர் மறுபடி சொன்னார். லாரிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எத்தனை லாரிகள் போன பிறகு எனக்குக் குரல் வந்தது என்று தெரியாது. வந்தபோது அது என் குரல் போலவே இல்லை. க்யாஸ், ஆள் உள்ளே, செத்துப்போவார் என்று இந்தியில் கத்தினேன். ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அப்பா அதைக் கேட்டார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. வெளியே போக லாரிகள் வழிவிட்டன.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மதினி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"அவனா எறங்கிட்டான்னு சொல்லியாச்சு. சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன். நீ வாயத் தொறக்காத. கீழ போலீஸ் உக்காந்திருக்கான். மறுபடியும் கேஸ்னா இந்தத் தடவை விட மாட்டான்."

மதினி திரும்பி வந்தபோது நர்ஸ் கதவைத் திறந்து, "ட்யாங்க் கேஸேர் பாடிர் லோக் கே?" என்றாள். மதினிக்கு வங்காளி தெரியாது.

"உங்களத்தான், மதினி. அண்ணன் வீட்டு ஆளு யாருன்னு கேக்காங்க."

டாக்டர் சொன்னதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு மெஷினில் ஓடுகிறது. மூளைக்குக் காற்றுப் போகாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை. பிழைத்தாலும் ஆளை அடையாளம் தெரியுமா என்று இப்போது சொல்ல முடியாது. அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விடாமல் சொன்னேன்.

மதினி அழவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"சோதிக்காம எந்தத் தொட்டியிலயும் கால வைக்க மாட்டாரே, அண்ணாச்சி. யாரு சொல்லி எறங்குனாரு?"

"அதான் தாயி எனக்கும் வெளங்கல. அவசரப்பட்டுட்டான்."

"அவரு அவசரக்காரரு இல்ல."

அப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தால் அண்ணன் அவசரக்காரராகவே இருந்துவிடுவார், செத்தாலும் பிழைத்தாலும்.

"நான் எழுதிக் கொடுத்தேன், மதினி. கேஸ் இல்லைன்னு. அது தொட்டிக் கேஸ் இல்ல. அப்பா மேல இருந்த கோர்ட் கேஸ். போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் இறந்துட்டாரு. அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு வக்கீல்னு எழுதல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மதினி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணன் இருந்த கதவுப் பக்கம் திரும்பாமல், போலீஸ் உட்கார்ந்திருந்த கீழ்த்தளத்துக்குப் படியிறங்கிப் போனார்.