மாடி வீட்டுக் காற்று

எங்கள் தெருவில் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே எண்ணக் கற்றுக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை தோறும் நர்ஸ் பிலோமினா வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்பார். எந்தப் பிள்ளை எந்த எண் வரை வந்திருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

என் ஓரகத்தி சுகந்திக்கும் எனக்கும் ஒரே மாதம், ஏழு. அவள் மாடியில், நான் கீழே. அவள் பிள்ளை நூறைத் தாண்டிவிட்டது. என் பிள்ளை பன்னிரண்டு சொன்னதும் இருமுகிறது. இருமி முடித்ததும் எங்கே விட்டது என்று மறந்துபோய், மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது.

"மேல இருக்கிறது கெட்டிக்காரப் புள்ள," என்றார் நர்ஸ். "உங்களோடது பாவம், புகையில தடுமாறுது."

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் பிள்ளையும் பன்னிரண்டில் நிற்க வேண்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டேன்.

அவள் ஜன்னல் கடலைப் பார்த்தது. என் ஜன்னல் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தது. அது முன்பு ஒரு மைல் தள்ளித்தான் இருந்தது. நான் முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து தினமும் கொஞ்சம் நகர்ந்து வந்தது. இப்போது கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. என் கணவர் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் கொடிக்கயிற்றை மாற்றிக் கட்டினார்.

காற்று அலுவலகத்துக்குப் போனேன். வராந்தா நடக்க நடக்க நீண்டது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்த பிறகு ஒரு மேஜை வந்தது.

"வயித்துல இருக்கிற புள்ளைக்குக் கடல் காத்து வேணும் சார்."

"அந்தப் புள்ளையே வந்து கையெழுத்துப் போடணும்," என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"இன்னும் பொறக்கலையே சார்."

"பொறந்த பிறகு இந்தத் திட்டம் கிடையாதும்மா."

அவர் எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். மாடியும் கடற்காற்றும் மூத்தவனுக்கு. கீழ்வீடும் கொல்லையும் புகையும் இளையவனுக்கு. அடியில் என் கணவரின் கையெழுத்து, அழகாக.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"படிச்சுப் பாக்கலையா?"

"அண்ணன் நீட்டுற பத்திரத்தை அவர் முன்னாடியே வெச்சுப் படிக்கிறதா? மரியாதையா இருக்குமா?" என்றார். "முருங்கை மரம் நம்ம பக்கம் வந்திருக்குல்ல."

வளைகாப்பை ஒரே பந்தலில் முடித்துவிடலாம் என்றார் மாமியார். இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டார்கள். சாம்பல் என் நாற்காலியில் மட்டும் விழுந்தது. என் தயிர் சாதம் புளியோதரை நிறத்துக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் சுகந்தியின் வயிற்றில் காது வைத்து, "நூத்தி நாப்பது," என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். என்னிடம் மரியாதைக்குக் குனிந்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சுகந்தியின் இடுப்பு என் இடுப்பில் பட்டுக்கொண்டிருந்தது. நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"அங்க போயிடு சாமி. யாரும் பாக்கல."

அது பன்னிரண்டு வரை எண்ணியது. இருமியது. பிறகு போய்விட்டது. என் கொசுவம் தளர்ந்தது.

"அரசி, கொஞ்சம் தள்ளி உக்காரேன்," என்றாள் சுகந்தி. "இடம் பத்தல."

நர்ஸ் நோட்டை எடுத்து என் பெயரை அடித்தார். சுகந்தி பெயருக்கு எதிரே இரண்டு என்று எழுதினார். அடித்த இடத்தில் மறக்காமல் சுருக்கொப்பம் போட்டார்.

அன்று சாயங்காலம் நாற்காலி மேல் ஏறி, கூரையில் காது வைத்துக் கேட்டேன். மேலே இரண்டு குரல்கள். ஒன்று என்னுடையது. பன்னிரண்டு சொன்னது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று என்றது. இருமவே இல்லை. நான் நாற்காலியிலேயே நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அது நூறைத் தொட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்பு சுகந்தி மேல் எனக்கு இருந்ததெல்லாம் பொறாமையே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் படியேறும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம், புரண்டு படுக்கும் சத்தம், எதையும் என்னால் கேட்க முடியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மாடிப்படியின் கீழே போய் நின்றேன்.

"அக்கா, என் புள்ள எதாச்சும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே," என்றாள் சுகந்தி மேலிருந்து. "கீழ நிக்கிறது யாருன்னு கேக்குது."

"என்ன சொன்னீங்க?"

"சித்தின்னு சொல்லியிருக்கேன்."