இரண்டாவது லயத்து டப்பிகள்

எழுபத்தெட்டில் ஈப்போ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர்களைப் பெரிய டாக்டர் முதல் நாளே நிற்கவைத்து, எந்த ஊர், அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, எதில் ஆர்வம் என்று விசாரித்தார். லூர்துசாமிக்கு இதயத்தில் ஆர்வம்; அப்பா டவுனில் கிளினிக் வைத்திருந்தார். நவமணியின் முறை வந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார், எனக்கு வயிற்றுப் பூச்சியில் ஆர்வம் என்றாள். லூர்துசாமி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள், பெரிய டாக்டர் உட்பட.

இத்தனைக்கும் அப்போது கூடத்துக்கு வந்திருந்த வேலையே பூச்சிதான். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் இரண்டாவது லயத்துப் பிள்ளைகள் வெளுத்துச் சோர்ந்து, மண்ணையும் சுண்ணாம்பையும் தின்றுகொண்டு கிடந்தார்கள். மலத்தில் பூச்சிமுட்டை இருந்தால் அவர்களுக்கு மருந்து தொடரும், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கொரு டப்பி கொடுத்து அதில் பிள்ளைகளின் மலத்தை வாங்கிவர லூர்துசாமி போனான். காரை விட்டு இறங்கவில்லை மகராசன். டப்பிகளைத் தோட்டத்து மேஸ்திரியான மண்டோரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் அவரிடமே வாங்கி வந்தான்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நவமணி. முட்டையே இல்லை. ஆனால் எல்லா டப்பியிலும் ஒரே நிறம், ஒரே பச்சைப்பயற்றுத் தோல். பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளைக்குப் பூச்சி என்று வெளியே தெரிந்தால் லயத்தில் மானம் போய்விடும். அதனால் கொழுகொழுவென்றிருக்கும் ஒரு பிள்ளையைப் பிடித்து, அதனுடையதையே எல்லா வீட்டு டப்பியிலும் பங்கு போட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் ஒரே புள்ளையோடது, லூர்து. திரும்பப் போய் எடுக்கணும்."

"சுசா லா, பெரிய தொல்லை. இல்லன்னு வந்தா இல்லன்னு எழுது. அந்த நாத்தம் உனக்கு அவ்ளோ புடிக்குதா?"

அவள் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க லயத்துலயும் அப்படித்தான் குடுப்போம், டாக்டர்."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். படித்த மனுஷன், அவள் மேலேயே ஏதோ ஒட்டியிருப்பதுபோலப் பார்த்தார்.

"அந்த ஜனங்களுக்கு நீ ரொம்ப நெருக்கம். ஆராய்ச்சிக்கு அது ஆகாது. நாளையிலேர்ந்து ரத்தப் பிரிவுக்குப் போ."

பூச்சி வேலை லூர்துசாமிக்குப் போயிற்று. தோட்டத்தில் பூச்சியே இல்லை என்று அவன் எழுதிக் கொடுத்ததை அன்றைக்கே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். சோறு தின்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

ஞாயிற்றுக்கிழமை நவமணி புது டப்பிகளோடு தானே பஸ் ஏறிப் போனாள். லயத்து வாசலில் ராக்காயி என்பவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்று நவமணி சொன்னதுமே ராக்காயியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க டப்பி எல்லாம் சுத்தமா இருந்துச்சாமே. மண்டோர் சொன்னாரு. மருந்தையும் நிப்பாட்டிட்டாங்க. நல்லதாப் போச்சும்மா, ஒரே கசப்பு."

"இன்னொரு தடவ குடுங்கக்கா. இவனோடதையே குடுங்க."

ராக்காயியின் முகம் சுருங்கியது. "எதுக்கு? நாங்கதான் நல்ல பேரு வாங்கிட்டோமே."

இடுப்பிலிருந்த பிள்ளை சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பைத் தின்றுகொண்டிருந்தது. ராக்காயி அவசரமாக அதன் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.