அளவாக வாசித்தார்

அபயாம்பிகை அம்மாளுக்கு எது நடந்தாலும் சற்றுப் பின்னால் எனக்கும் நடக்கும், கொஞ்சம் குறைவாக. நான் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வயலின்காரன். அம்மாள் ஒரு ராகத்தை விரித்துப் பாடி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அதே ராகத்தை, அவர் பாடியதில் பாதியைத் தாண்டாமல், நான் வாசித்துவிட்டு வில்லை இறக்க வேண்டும். தாண்டியவனை அடுத்த சீசனில் ஒரு சபாவும் கூப்பிடாது.

அம்மாளுக்கு டைபாய்டு வந்தது. எனக்கு வெறும் காய்ச்சல். அவர் வீட்டுக்கு மாடி கட்டினார். நான் மாடிப்படி மட்டும் கட்டினேன். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். எனக்கு ஒரு பெண். அவருடைய கணவர் கோபித்துக்கொண்டு காசிக்குப் போனபோது, என் மனைவி திலகா கோபித்துக்கொண்டு விழுப்புரம் வரை போய்த் திரும்பினாள். பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி எப்போதும் ஒரே வரிதான் எழுதுவார்கள்: 'வயலின் அளவாக வாசித்தார்.' அதைப் படித்தால் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் பற்றிக்கொண்டும் வரும்.

இந்த மார்கழியில் ஒரு கச்சேரியில் அம்மாள் தோடியை எடுத்தார். நிதானமாக விரித்துக்கொண்டே போய், மேலே ஒரு ஸ்வரத்தில் நின்றார். பிறகு மூச்சை நிறுத்தினார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார், செத்துப்போனார். சபையில் "பலே!" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முறை என்றால் முறைதான். ஆனால் அம்மாள் இதுவரை செய்ததற்கெல்லாம் ஒரு முடிவு இருந்தது. அதை வைத்துப் பாதி எங்கே என்று கண்டுபிடித்துவிடுவேன். முடிவே இல்லாத ஒன்றில் பாதி எவ்வளவு?

எதிரே மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்த குஞ்சிதபாதம் குனிந்து கிசுகிசுத்தான். "என்னண்ணே யோசனை? சபை காத்துக்கிட்டிருக்கு."

"எங்க நிறுத்துறதுன்னு தெரியலப்பா."

"அம்மா மாதிரி நீட்டிடாதீங்க. அவங்க பேருக்குத்தான் கூட்டம் வந்திருக்கு."

முன்வரிசையில் இருந்த திலகா எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தாள். "இங்க பாருங்க, சுருக்கமா முடிச்சிட்டு எந்திரிச்சிடணும். நல்லாருக்குன்னு அங்கயே இழுத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது எனக்கு நிறுத்தவே வராது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வில்லை மடியில் வைத்துவிட்டுச் செத்தேன்.

அது நன்றாக இருந்தது. அதுதான் பெரிய அதிர்ச்சி. அங்கே எனக்கு முன்னால் யாரும் பாடவில்லை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் சபா செயலாளர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பாதியில் விட்டுவிட்டு வந்த தோடி, விட்ட இடத்திலேயே எனக்காக இருந்தது. இன்னும் ஒரு பிடி வாசிக்கலாம் என்று தோன்றியது. வாசித்தேன். இன்னும் ஒரே ஒரு பிடி. அப்போது திலகாவின் உடைந்த குரல் ஞாபகம் வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, மிச்சத் தோடியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சபை அளவாகக் கைதட்டியது. திலகா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வயலின் ராகத்தை முடித்தால் அடுத்துப் பாட்டைத் தொடங்க வேண்டியது பாடகி. ஆகவே அம்மாள் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டை எடுத்தார். நான் கூடவே போனேன். பாடி முடித்ததும் அவர் மிருதங்கத்தின் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

குஞ்சிதபாதத்தின் முகம் வெளிறிப்போனது. இனி அவனுடைய தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் நேரம். தனி ஆவர்த்தனத்துக்குப் பாதி என்ற கணக்குக் கிடையாது. வாசிப்பவனுக்குப் போதும் என்று தோன்றும் வரை போகலாம்.

"அண்ணே, எப்படித் திரும்பி வந்தீங்க?"

"முன்வரிசையில திலகா இருந்தா."

அவன் சபையை ஒருமுறை பார்த்தான். மிருதங்கத்தை நகர்த்திவிட்டு மேடையில் மல்லாந்து படுத்தான். அம்மாள் தொடையில் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார். தனி தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும், வழக்கம்போல், கூட்டம் மொத்தமும் எழுந்து கேன்டீனுக்குப் போனது. குஞ்சிதபாதம் ஒரு கண்ணைத் திறந்து காலி நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு அதையும் மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் திலகா காபியோடு வந்தாள். அம்மாள் தாளத்தை விடாமல் இடது கையால் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடித்த பிறகு, எனக்கு அரை டம்ளர்.