தண்ணீர் குடித்த அவரை

திருப்பூருக்குப் பஸ் ஏறும்போது சிவபாண்டி ஒன்றுதான் சொன்னான். அவரைச் செடி ஐந்து காய்ப்பறிப்பு கண்டால் பனியன் கம்பெனியை விட்டுவிட்டு மேலூருக்கே வந்துவிடுவான். அன்றிலிருந்து அவன் மனைவி அஸ்வினிக்கு அந்தச் செடிகள்தான் துணை.

முன்பு சமயநல்லூரில் நான்குவழிச் சாலையோரம் குத்தகைக்குப் பயிர் செய்தார்கள். இலையெல்லாம் லாரிக் கரி. புகை படாத மண் வேண்டும் என்றுதான் மேலூருக்குக் கிழக்கே, பஸ் சத்தம்கூடக் கேட்காத இந்த அரை ஏக்கருக்கு வந்தார்கள். இங்கே காற்று கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

பங்குனி பிறந்ததும் இலைகளின் மேல்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வந்தன. செம்பேன் பூச்சி என்று மருந்தடித்தாள். புள்ளி பெருகியது. வாட்டம் என்று நினைத்து, உச்சிவெயிலிலும் மோட்டார் போட்டாள். பூ உதிர்ந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் சிவபாண்டி வீடியோ காலில் வருவான். அவள் நல்ல இலையாகத் தேடித் தேடிக் காட்டுவாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அன்னக்கொடியின் அவரை. அவள் மோட்டார் பங்குனிக்கு முன்பே பழுதாகிவிட்டது.

“நீ செடிக்குப் பால்புட்டி குடுக்காததுதான் பாக்கி,” என்றாள் அன்னக்கொடி. “எஞ்செடியப் பாரு. பட்டினி கெடந்தும் மொகத்துல ஒரு மரு இல்ல.”

“ஒங்களுக்கு வாய் அதிகம் மதினி.”

“செடிக்கும் சேத்து நாந்தான பேசணும்.”

அந்த வாரம் சரண்யாதேவி வந்தாள். வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சி மாணவி. காற்றை அளக்க அந்தப் பக்கம் வருகிறவள். அஸ்வினியின் இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. ஓர் இலை இன்னொன்றை மறைத்திருந்த இடத்தில் மட்டும் மேல்பக்கமும் பச்சை மாறவில்லை.

“பேன் இல்லக்கா. ஓசோன்.”

“அது வானத்துல இருக்கதுல்ல? ஓட்டை விழுந்துருச்சுன்னு படிச்சோமே.”

“அங்க இருந்தா நல்லது. தரைக்கு மேல இருந்தா செடியத் திங்கும். மதுரைல வண்டி விடுற புகை வெயில்ல மெல்ல அதுவா மாறுது. மாறுறதுக்குள்ள காத்து இங்க கொண்டாந்துருது. அதான் ரோட்டோரத்தவிட இங்க ஜாஸ்தி.”

“மதினி செடி நல்லாத்தான இருக்கு?”

“தண்ணியில்லாம இலை மூச்சு விடுற வாய மூடிக்கிருச்சு. உங்க செடி நல்லாக் குடிச்சுட்டு வாயத் தெறந்து வச்சிருக்கு. உச்சிவேளையில அதுவழியா ஓசோன் உள்ள போயிருது.”

அஸ்வினி மோட்டார் பெட்டியைப் பார்த்தாள். அவள் ஆசையாகக் கொடுத்தது எல்லாம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

“எத்தன பறிப்பு வரும்?”

“ரெண்டு. மத்தியானத் தண்ணிய நிறுத்தி சாயங்காலம் விட்டா மூணு வரலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன். அடுத்தத புரட்டாசியில விதைங்க, வெயில் ஏறுமுன்ன காய் எடுத்துறலாம்.” அவள் குறிப்பேட்டை மூடினாள். “இந்தச் சுத்துப்பட்டு பூராம் இப்படித்தான் இருக்கு. மதுரைக்காரங்க தட்டுக்குப் போற காய மதுரைப் புகையே கொறைக்குது.”

ஒரு மணிக்குப் போன் அடித்தது. அஸ்வினி முதன்முறையாகப் புள்ளி விழுந்த இலைகளின் பக்கம் போனைத் திருப்பினாள்.

“எம்புட்டு நாளா இப்படி?”

“பங்குனி பொறந்ததுலருந்து மாமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வரமாட்டீகளே.”

அவனுக்குப் பின்னால் யாரோ டிபன் பாக்ஸைக் கழுவினார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு பறிப்பு என்பது வரை.

“புரட்டாசிக்கு ஆறு மாசம் கெடக்கு,” என்றான்.

“ம்.”

“செடி தொங்குது பாரு. மோட்டாரப் போடு.”

“போடக்கூடாது மாமா. இப்பப் போட்டாத்தான் கெடும்.”

கம்பெனியில் மணி அடித்தது. அவன் எழுந்து போகவில்லை, போனையும் வைக்கவில்லை. வெயிலில் துவண்டு கிடந்த செடிகளை அங்கிருந்து அவனும் இங்கிருந்து அவளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை ஸ்விட்ச் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது.

“வாடட்டும்,” என்றாள். “சாயங்காலம் குடுக்கிறேன்.”